ரயிலைக் காணாத சிறுமி

சென்ற திங்கள் நம் சங்க நூலகக் குழு கூடிய மாலையில் ஓர் அன்பர் எழுந்து ஒரு குறையைக் கூறினார். பத்தாம் வகுப்பில் பயிலும் தம் புதல்விக்கு நூலகத்திலிருந்து நாவல் ஒன்றைக் கொடுத்துவிட்டார்களாம். மூன்று நாளாக அவள் கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லையாம். அது போதாதென்று, இரவில் விளக்கை அணைத்த பிறகு அழுகிறாளாம். "தேர்வு முடியும்வரை பிள்ளைகளுக்கு நாவல் கொடுக்கலாகாது என்று ஒரு விதி செய்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு அவர் அமர்ந்தார். தலைவர் அவர்கள் நம்மைப் பார்த்தார். அலமாரிச் சாவி நம்மிடம் இருக்கிறது. அந்த நாவலை எடுத்து அப்பெண்ணின் கையில் கொடுத்ததும் நாமே. ஆகையால் நாம் அவ்வமயம் நம் தேநீர்க் குவளையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விதி இன்னும் செய்யப்படவில்லை. அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். அந்த அன்பர் நம் மதிப்பிற்குரியவர். பணிமனையில் நம் தந்தையாருடன் வேலை செய்தவர். அவர் முகத்துக்கு நேரே வாதாட நமக்கு நா எழவில்லை. பேசவேண்டிய இடத்தில் பேசாதவன் பிறகு எழுதித் தீர்த்துக்கொள்வது உலக வழக்கம். இம்மாதத்துப் பகுதியை நேயர்கள் அவ்வாறே கொள்ளவேண்டும்.

நாவலின் பெயர் 'பதேர் பாஞ்சாலி'. வங்காளத்தில் குடியேறிய நம்மவர் வீடுகளில் இப்பெயரைக் கேளாதார் இரார். ஆயினும் கேட்டவரில் பெரும்பாலோர் திரைப்படத்தைக் கண்டவர்களே அன்றி நூலைப் படித்தவர்கள் அல்லர். 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் இதைத் தமிழில் பெயர்த்திருக்கிறார். நம் அலமாரியில் இருப்பது அப்பெயர்ப்பின் பழைய படி ஒன்று. அட்டை கிழிந்து, நாமே கோந்து போட்டு ஒட்டியது.

நூலாசிரியர் விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயர் 1894-ல் பிறந்தவர். நம் ரயில் மார்க்கத்திற்கு அவர் அந்நியரல்லர். கரக்பூரிலிருந்து டாடாநகர் செல்லும் வண்டியில் ஏறினால் வழியில் காட்சீலா என்னும் ஊர் வரும். அங்கே அவருக்கு வீடு இருந்தது. 1950-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று அங்கேதான் அவர் உயிர் நீத்தார். பயணச்சீட்டுச் சாளரத்தில் உட்கார்ந்து காட்சீலாவுக்குச் சீட்டுக் கொடுக்கும்போதெல்லாம், இப்பெயரை வாயால் சொல்லிக் கேட்கும் பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணிக்கொள்வோம். கேட்டுப் பார்க்க வரிசை விடாது.

அவர் பெரிய உத்தியோகஸ்தர் அல்லர். பள்ளி ஆசிரியராக இருந்தார். இடையே சில ஆண்டுகள் பாகல்பூர்ப் பக்கத்தில் ஒரு ஜமீனின் காரியஸ்தராகக் காட்டு நிலங்களை மேற்பார்த்துக் கொண்டிருந்தார். வங்காளத்துக் கிராமத்தைப் பற்றிய இந்த நாவலை அவர் எழுதியது அந்தப் பீகார் மண்ணில் இருந்த காலத்தில்தான். 1928-ல் 'விசித்ரா' என்னும் இதழில் தொடராக வரத் தொடங்கிற்று, 1929-ல் நூலாயிற்று. பிழைக்கப் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு சொந்த ஊரின் மூங்கில் தோப்பையும் குளத்தையும் நினைத்து நினைத்து எழுதியது. நம் வீடுகளில் மாலை வேளையில் முதியோர் வாய்விட்டுச் சொல்லும் ஊர்க்கதையும் இந்த வகையைச் சேர்ந்ததுதானே!

கதை எளியது. நிச்சிந்திபூர் என்னும் சிற்றூரில் ஹரிஹரர் என்ற ஏழைப் புரோகிதர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்க்கை, மகன் அபு. வீட்டில் ஒரு கிழவியும் உண்டு. இந்திர் என்று பெயர். ஹரிஹரருக்குத் தூரத்து உறவில் தமக்கை முறை. அவளுக்கு வேறு கதியில்லை. இருக்கும் கொஞ்சம் அரிசியில் ஒரு வாய் கூடுதல் என்பது சர்வஜயாவின் கணக்கு. கிழவியோடு சச்சரவு, கிழவி மூட்டையைக் கட்டிக்கொண்டு போவாள், திரும்பி வருவாள். இறுதியில் ஒருநாள் திரும்பி வந்தபோது சர்வஜயா உள்ளே சேர்க்கவில்லை. கிழவி பிறர் இடத்தில் கிடந்து உயிர் விடுகிறாள். இவ்வளவும் நூலின் முதற் பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு வருவது அக்காள் தம்பியின் கதை.

அந்தக் கதையில் ரயில் ஒன்று உண்டு. ஆனால் அது வருவதே இல்லை. காணாமற்போன கன்றுக்குட்டியைத் தேடிச் சென்ற இருவரும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ரயில் பாதையைப் பார்த்துவிட்டே போகலாம் என்று துர்க்கையின் யோசனைப்படி நடக்கிறார்கள். சேற்று நிலத்தில் வழி தவறி, காலெல்லாம் முள் கீறி, பாதையைக் காணாமலே வீடு திரும்புகிறார்கள். பின்னொரு நாள் அபு தகப்பனாருடன் வெளியூர் போகும்போது தண்டவாளத்தைக் கடக்கிறான். வண்டி வரும்வரை நிற்கலாம் என்று கெஞ்சுகிறான். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நிற்க முடியாது என்கிறார் தகப்பனார். துர்க்கைக்கு அந்தத் தண்டவாளமும் கிட்டவில்லை. மழையில் நனைந்து காய்ச்சலில் கிடக்கும்போது அவள் தம்பியிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உடம்பு தேறியதும் ஒருநாள் ரயில் காட்டுவாயா என்பது. உடம்பு தேறவில்லை.

குடும்பம் ஊரை விட்டுக் காசிக்குப் புறப்படும்போது அபு முதன்முதலாக ரயிலில் ஏறுகிறான். வண்டி நகர்கிறது. நிலையத்தின் தூரத்துக் கைகாட்டி பின்னோக்கிச் சென்று சிறுத்து மறைகிறது. அக்காள் ஊரெல்லையில் தனியே நிற்பதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது. கைகாட்டி மரம் ஒன்றைப் பார்த்து மனிதன் கண்ணீர் விடக்கூடும் என்று ரயில்வே கையேடு எதிலும் எழுதவில்லை. எனினும் நாம் விட்டிருக்கிறோம். கரக்பூரில் பிறந்தவனுக்கு ரயில் ஓசைதான் தாலாட்டு. நம் நடைமேடை 1072 மீட்டர். கோரக்பூரும் பிறகு ஹூப்பள்ளியும் மிஞ்சும்வரை உலகிலேயே நீளமானது இதுவே என்று பள்ளிப் பருவத்தில் பெருமையடித்தவர்கள் நாம். அப்படி ரயிலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்களுக்கு, அதைப் பார்க்காமலே செத்துப்போன ஒரு பெண்ணைக் காட்டினார் விபூதிபூஷண். அதன் பிறகு ரயில் பழைய ரயிலாக இல்லை.

இளம் வயதில் ஒரு நாவலால் மாறியவர் யார் என்று கேட்டால் இந்நூலைப் பொறுத்தமட்டில் முதலில் சொல்லவேண்டிய பெயர் சத்யஜித் ராய். 1921-ல் பிறந்தவர். பாட்டனார் உபேந்திரகிஷோர், தந்தையார் சுகுமார் இருவரும் வங்காளக் குழந்தைகள் அனைவரும் அறிந்த எழுத்தாளர்கள். ஆயினும் இவர் கல்கத்தா நகரத்துப் பிள்ளை. மேனாட்டு இசையும் மேனாட்டுச் சினிமாவும் அறிந்த அளவுக்கு வங்காளத்துக் கிராமத்தை அறிந்தவரல்லர். சாந்திநிகேதனத்தில் ஓவியம் பயின்று, 1943-ல் விளம்பரக் கம்பெனி ஒன்றில் சித்திரக்காரராகச் சேர்ந்தார். அந்நாளில் சிக்னெட் பிரஸ் என்னும் பதிப்பகத்தார், 'பதேர் பாஞ்சாலி'யைக் குழந்தைகளுக்காகச் சுருக்கி 'ஆம் ஆண்டிர் பேம்பு' என்ற பெயரில் வெளியிட முற்பட்டனர். மாங்கொட்டை ஊதல் என்று பொருள். அதற்குப் படம் வரையும் வேலை ராயிடம் வந்தது. அதுவரை அவர் மூல நாவலைப் படித்ததில்லை! படம் வரைவதற்காகப் படித்தார். கூலி வேலையாக வந்த நூல், பிறகு அவரை விடவில்லை. வரைந்த படங்கள் சில பின்னாளில் திரையிலே காட்சிகளாயின.

படித்ததற்கும் படப்பிடிப்பு தொடங்கியதற்கும் நடுவே எட்டாண்டு போயிற்று. 1952 அக்டோபரில், பர்த்தமானுக்கு அருகே பால்சிட் என்னும் இடத்தில், வெள்ளை வெளேரென்று நாணல் பூத்த வெளியில், அக்காளும் தம்பியும் ரயில் பார்க்கும் காட்சியைத்தான் முதலில் எடுக்கத் தொடங்கினார். ஒருநாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. மறு ஆண்டு பூக்கும்வரை அந்தக் காட்சிக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ரயில்காரர் என்ற முறையில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று. வெண்பூக்களுக்குப் பின்னே புகை கரியதாக எழவேண்டுமென்று, அவர் குழுவில் ஒருவர் முன்கூட்டியே நிலையத்துக்குப் போய் இஞ்சினில் ஏறிக்கொண்டு, தக்க தருணத்தில் கரியை அள்ளிப் போடச் செய்தாராம். அந்த டிரைவரும் பயர்மேனும் யாரோ. வரலாற்றில் பெயர் இல்லை. மனைவியின் நகைகளும் இன்ஷூரன்ஸ் பாலிசியும் அடகுக்குப் போயின. பணம் தீர்ந்து வேலை நின்றது. பிறகு மேற்கு வங்க அரசு உதவிற்று. படத்தின் பெயரில் பாதை இருந்ததால் அப்பணத்தைச் சாலைக் கணக்கில் எழுதினார்கள் என்று கூறுவர். 1955 ஆகஸ்டு 26-ல் படம் கல்கத்தாவில் வெளிவந்தது. எழுதியவர் அதைக் காண உயிரோடு இல்லை.

திரையில் ராய் கதையை மாற்றிவிட்டார். அங்கே வண்டி வந்தேவிடுகிறது. துர்க்கை பின்தங்க, அபு மட்டும் தண்டவாளத்தருகே ஓடிச் சேர்கிறான். நூலை முன்னர்ப் படித்திருந்த நமக்கு இது முதலில் பிடிக்கவில்லை. வராத ரயிலை வரவழைக்க இவர் யார் என்று கோபம்கூட வந்தது. இப்போது அக்கோபம் இல்லை. படித்த ஒருவன் அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது செய்ய நினைத்தான்; தன்னால் இயன்றதைச் செய்தான் என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் நம் அன்பர் அஞ்சுவதிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. நூலுக்குப் பிள்ளைகளை ஆட்டிவைக்கும் சக்தி உண்டு என்பதற்கு இந்நாவலிலேயே சான்று இருக்கிறது. அபு தகப்பனாரின் பழைய புத்தகப் பெட்டியைக் குடைந்து ஒரு நூலை எடுக்கிறான். கழுகு முட்டையில் பாதரசம் ஊற்றி வெயிலில் வைத்து வாயில் அடக்கிக்கொண்டால் வானத்தில் பறக்கலாம் என்று அதில் கண்டிருக்கிறது! பிள்ளை நம்பிவிட்டான். மாடு மேய்க்கும் பையன் ஒருவனிடம், தான் உயிராய்ச் சேர்த்துவைத்த பொருளையெல்லாம் கொடுத்து இரண்டு முட்டை வாங்கிப் பதுக்கி வைக்கிறான். விளக்குத் திரிக்குக் கந்தல் துணி தேடிய துர்க்கையின் கைபட்டு அவை உடைந்துபோயின. நல்லவேளை, உடைந்தன. இல்லாவிட்டால் எந்தக் கூரையிலிருந்து குதித்திருப்பானோ? அதே அபு, தாய் மகாபாரதம் படிக்கக் கேட்டு, தேர்ச்சக்கரம் புதைந்த கர்ணனுக்காக ஏங்கி ஏங்கி அழுகிறான். ஒரே பிள்ளை, இரண்டு நூல்கள். எதைப் படித்து எதைச் செய்வான் என்று பெற்றவர்கள் முன்கூட்டி அறிய வழியில்லை. நாவலைப் பூட்டி வைத்துவிடலாம். பறப்பதற்கு வழி சொல்லும் மற்ற நூல்களை என்ன செய்வது? அவை இந்நாளில் கைப்பேசியிலே வருகின்றன.

இனி நம்மைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தோம்.

நம் தந்தையாருக்கு அத்தை ஒருவர் நம்முடன் இருந்தார். இளமையிலேயே கணவனை இழந்தவர், மக்கட்பேறு இல்லை. அத்தைப்பாட்டி என்று அழைப்போம். இரண்டு அறை குவார்ட்டர்ஸ். தந்தை, தாய், பிள்ளைகள் மூவர், பாட்டி. பாட்டியின் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் காலி டப்பிகள், நூற்கண்டுகள், கிழிந்த பஞ்சாங்கங்கள். தமிழ் வாரப் பத்திரிகை எங்கிருந்தாவது கிடைத்தால் நம்மைக் கூப்பிடுவார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. நமக்கோ தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவில்தான். பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் இந்தியும் படித்தோம். வீட்டில் பேசுவதோடு தமிழ் நின்றது. ஆகவே தொடர்கதையில் இரண்டு பத்தி படிப்போம், ஒரு பக்கம் தாண்டுவோம், மீண்டும் இரண்டு பத்தி. "முடிஞ்சுதாடா?" என்பார். "முடிஞ்சுது பாட்டி" என்று மைதானத்துக்கு ஓடுவோம். அவர் நடையையும் இருமலையும் போலச் செய்து காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்ததும் உண்டு.

தாயாருக்கும் பாட்டிக்கும் ஒத்துப்போகவில்லை. யார்மீது பிழை என்று இங்கே ஆராயப்போவதில்லை. 2002-ஆம் ஆண்டு இறுதியில், தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் இருந்த இன்னொரு உறவினர் வீட்டுக்குப் பாட்டியை அனுப்புவதென்று முடிவாயிற்று. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. நாம்தான் தகரப் பெட்டியை ஏற்றினோம். பாட்டி சன்னலோரத்தில் உட்கார்ந்து நம்மைப் பார்த்தார். நாம் மணியைப் பார்த்தோம். அன்று கிரிக்கெட் ஆட்டம். வீடு திரும்பியதும் பாட்டியின் கட்டில் இருந்த மூலையில் நம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டோம்.

மறு ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி மாசிமா வீட்டு அலமாரியிலிருந்து 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்து வந்தோம். குழந்தைகளுக்கான சுருக்கமன்று, முழு நூல். இந்திர் கிழவி மூட்டையோடு வந்து வாசலில் நிற்கும் இடத்தை, பாட்டியின் கட்டில் இருந்த அதே மூலையில் உட்கார்ந்து படித்தோம். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடைமேடைக்குப் போய், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து திரும்பினோம். பாட்டி சன்னலோரத்திலிருந்து பார்த்த பார்வை, பார்த்தபோது தெரியாதது, ஆறு மாதம் கழித்து அங்கே தெரிந்தது.

அன்றிரவே பாட்டிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தோம். எழுத வரவில்லை. எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று தெரியாது. ழகரம் ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு வடிவில் விழுந்தது. தந்தையாரிடம் கேட்டால் எதற்கு என்பார். நம் சங்கத்திற்கு வந்து, அந்நாளில் சாவி வைத்திருந்த பெரியவரிடம் பால பாடம் கேட்டோம். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே நம்மைப் பார்த்து, "பத்தாவது எழுதிவிட்டு அரிச்சுவடியா?" என்றார், ஆனால் கொடுத்தார். நான்கு இன்லண்டு கடிதங்கள் அந்தக் கோடையில் போயின. ஒன்றுக்குத்தான் மறுமொழி வந்தது. யார் கையெழுத்தோ. பையன் வேளைக்குச் சாப்பிடுகிறானா, கட்டிலுக்கு அடியில் பலகையொன்று விட்டுப்போயிற்று, அதை அடுப்புக்கு இட வேண்டாம் என்று இருந்தது. இன்று நாம் தமிழில் ஒரு பத்தி எழுத முடிகிறதென்றால், அந்தக் கடிதங்களுக்காகப் பயின்றதுதான். நம்மைத் தமிழுக்கு அனுப்பியது ஒரு வங்காள நாவல். சங்கத்துப் பெரியோர்கள் இதைக் கேட்டு வருந்தக்கூடாது.

டிசம்பரில் தந்தையாரின் பாஸில் ஊருக்குப் போனோம். பாட்டி மிகவும் இளைத்திருந்தார். முதலில் நம்மைத் தந்தையார் என்றே எண்ணிக்கொண்டார். இரண்டு பிற்பகல்கள் திண்ணையில் உட்கார்ந்து, கடையில் வாங்கிவந்த வார இதழை அட்டை முதல் அட்டை வரை படித்தோம். விளம்பரத்தையும் விடவில்லை. இரண்டாம் நாள் முடிவில் பாட்டி, "முன்னெல்லாம் பக்கத்தைத் தாண்டிடுவே. இப்ப ஏண்டா தாண்டலை?" என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோடைக்குள் அவர் காலமானார் என்று தந்தி வந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் நாவலின் புகழ் பாடியதாக இருக்கும். நடந்தது இவ்வளவே அன்று. நூல் ஒரு கண்ணைத் திறந்தது. அதே நாளில் மற்றொன்றை மூடிற்று. பாட்டியை அனுப்பியவர் தாயார் என்று தீர்த்துவிட்டோம். பதினைந்து வயதின் நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை கிடையாது. இரண்டு நாள் அவர் கையால் உண்ணவில்லை. மனத்துக்குள் அவரைச் சர்வஜயா என்றே அழைத்து வந்தோம். ஒருநாள் வாய்விட்டும் சொல்லிவிட்டோம். தாயாருக்குப் பொருள் விளங்கவில்லை. மாசிமாவிடம் கேட்டிருக்கிறார். மாசிமா கதையைச் சொல்லியிருக்கிறார். அது நமக்குப் பின்னரே தெரிந்தது. தாயார் அதைப் பற்றி நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2007-ல் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் நமக்கு வேலை கிடைத்தது. தாயாரும் நாமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எனினும் அந்த ஒரு சொல் எங்களுக்கு நடுவே ஓர் ஓரத்தில் கிடந்துகொண்டே இருந்தது.

குழுக் கூட்டம் நடந்த மறு ஞாயிறு அந்த அன்பரின் புதல்வி நூலைத் திருப்பித் தர வந்தாள். நாம் சற்றுப் பெருமிதத்தோடு, "துர்க்கைக்காக அழுதாயோ அம்மா?" என்றோம். "இல்லை அங்கிள். அவங்க அம்மாவுக்காக" என்றாள். சர்வஜயாவுக்கா? நமக்கு வியப்பாயிருந்தது. "அவங்க எல்லாரையும் விரட்டறாங்க, திட்டறாங்க. ஆனா வீட்டிலே அரிசி எவ்வளவு இருக்குன்னு அவங்களுக்கு மட்டுந்தானே தெரியும்? வீட்டுக்காரர் பாட்டுக்கு வெளியூர் போயிடறார். கடைசியிலே காசியிலே அவங்களே அடுத்தவங்க வீட்டிலே சமையல் செஞ்சு பிழைக்கறாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவளுடைய தாயார் இரண்டு வீட்டுக்குச் சமைத்துப் போடுகிறார் என்பது நமக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடன் புத்தகத்தில் தேதியைப் போடுவதற்குள் இரண்டு முறை அடித்தெழுதினோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்நூலைப் படித்துவருகிறோம். ஐந்து முறை படித்திருப்போம். ஒருமுறையும் அரிசிப் பானைப் பக்கம் நின்று படித்ததில்லை.

அன்றிரவு உணவு பரிமாறும்போது தாயாரிடம், பாட்டி ஊருக்குப் போன நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டோம். தாயார் சற்று நேரம் கழித்துத்தான் பேசினார். அந்த மாதம் தங்கைக்கு மஞ்சள் காமாலை, தந்தையாருக்குச் சம்பளம் இல்லாத விடுப்பு, கடையில் பற்று. வழிக்குப் புளியோதறை கட்டிக் கொடுத்ததும், வண்டியில் குளிருமே என்று தம்மிடம் இருந்த ஒரே சால்வையைப் பாட்டியின் பெட்டியில் மடித்து வைத்ததும் சொன்னார். பெட்டியைத் தூக்கிச் சென்றவர் நாம். "அந்த மாசிமா சொன்ன கதையிலே, அவ பானையிலே அரிசி இருந்துதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அதானே" என்று ரசத்தை ஊற்றினார்.

அன்பருக்கு நாம் சொல்லக்கூடியது, அவர் புதல்வி கணக்கு நூலை மீண்டும் எடுத்துவிட்டாள் என்பதே. விதியைப் பற்றிக் குழு தன் விருப்பப்படி முடிவு செய்யட்டும். அதுவரை அலமாரி ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை திறந்திருக்கும். 'பதேர் பாஞ்சாலி' இப்போது நூலகத்தில் இல்லை. நம் தாயார் பெயரில் கடனாக எழுதியிருக்கிறோம். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நாள்தோறும் இரவு ஏழு பக்கம் நாம் படிக்கிறோம். ஆகவே வேண்டுவோர் இம்மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.